ஃபில்லர் "ஆறு மாசத்துல தானா கரைஞ்சிடும்": எந்த ஆறு மாசம்?

இழையைத் தொடங்கிய கேள்வி, 2024 பிப்ரவரி 4

"வயசு 46. கண்ணுக்குக் கீழே பள்ளம், மூக்கோரத்துல இருந்து வாய் வரைக்கும் கோடு. ஃபில்லர் போட்டுக்கலாம்னு இருக்கேன். ஆறு மாசத்துல தானா கரைஞ்சிடும், பிடிக்கலைன்னா சும்மா விட்டுடலாம், அதனால பயப்பட ஒண்ணும் இல்லைன்னு சொல்றாங்க. போட்டவங்க யாராவது நிஜத்தைச் சொல்லுங்க."

பிப்ரவரி 4, இரவு 9:50

ஃபில்லர், அதாவது தோலுக்கடியில் ஊசியால் ஏற்றிப் பள்ளத்தை நிரப்பும் பொருள், போட்டவள் சொல்கிறேன். 2019இல், 47 வயதில். மொத்தம் இரண்டு சிரிஞ்ச். ஒன்று கன்னத்துக்கு, ஒன்று இரண்டு கண்ணுக்கும் கீழே பாதிப் பாதி.

நான் போய்க் காட்டியது நீங்கள் சொல்லும் அதே மூக்கோரக் கோட்டைத்தான். மருத்துவர் அதைத் தொடவே இல்லை. கையில் கண்ணாடியைக் கொடுத்து, என் கன்னத்தை ஒரு விரலால் மெல்ல மேலே தூக்கிக் காட்டினார். கோடு பாதிக்கு மேல் காணாமல் போனது. "இது கோடு இல்லம்மா, மேல இருந்து சரிஞ்சு வந்தது. கீழே நிரப்புனா கோடு போகாது, மூஞ்சி தடிக்கும்" என்றார். வயதானால் தோல் மட்டும் சுருங்குவதில்லை. கன்னத்துக் கொழுப்பு குறைந்து இறங்குகிறது, கண்குழி எலும்பு தேய்ந்து அகலமாகிறது, மேல்தாடை எலும்பு பின்வாங்குகிறது. கூடாரத்தின் கம்பு குட்டையானால் துணி தொங்கும், அந்தக் கதைதான்.

போட்டது ஹயலுரோனிக் அமில ஃபில்லர். ஜெல்லிலேயே மரத்துப்போக வைக்கும் லிடோகெயின் கலந்திருந்தது, வலி பெரிதாக இல்லை. ஊசியை உள்ளே வைத்ததும் பின்னால் இழுத்துப் பார்த்தார், ரத்தம் வரவில்லை, ஆகவே ஊசி ரத்தக்குழாய்க்குள் இருக்குமோ என்ற பயமும் இல்லை. இரண்டு நாள் வீக்கம், ஒரு வாரம் ரத்தக்கட்டு. ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருடத்துக்குள் கரைந்துவிடும் என்பது சரிதான். போட்டுக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 4, இரவு 11:35

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். விளம்பர நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. கன்னத்தைப் பற்றி எழுதிவிட்டுக் கண்ணை அப்படியே விட்டுவிட்டேன். கன்னம் நன்றாக அமைந்தது, அதைச் சொல்லத்தான் கை முதலில் போகிறது போல.

கண் கதை வேறு. நாளை.

பிப்ரவரி 5, மாலை

கண்ணுக்குக் கீழே போட்டபோது ஊசி இல்லை, கேனுலா. முனை மழுங்கிய, வளையும் மெல்லிய குழாய். கன்னத்தில் ஒரு சிறு துளை போட்டு அதன் வழியாக மேலே கொண்டுபோனார்கள். வலி இல்லை, ஆனால் சத்தம் உண்டு. தோலுக்கடியில் "நறநற" என்று ஏதோ பிரிந்துகொண்டு போவது காதுக்குள்ளேயே கேட்டது. அந்தச் சத்தத்தைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஓடியிருப்பேன்.

மூன்று மாதம் பிரமாதம். "நல்லாத் தூங்கினியா?" என்று கேட்டார்கள். அதற்குத்தானே காசு கொடுத்தது. அடுத்த வருடம் அண்ணன் மகள் என் முகத்தைக் கிட்டே வந்து பார்த்துவிட்டு, "அத்தை, கண்ணுக்குக் கீழ அடிபட்டுதா?" என்றாள். வெயிலில் பார்த்தால் இரண்டு பக்கமும் நீலம் பாய்ந்த ஒரு பட்டை. ரத்தக்கட்டு இல்லை, ஏனென்றால் மாறவே இல்லை. அடையாள அட்டைக்கு எடுத்த படத்தில் குத்துச்சண்டையில் தோற்றவள் மாதிரி இருக்கிறேன்.

டிண்டால் விளைவு என்பார்கள். கண்ணுக்குக் கீழே தோல் மிக மெல்லியது. அங்கே தெளிவான ஜெல் மேலாகத் தங்கிவிட்டால் விழும் ஒளியில் நீலம் அதிகமாகச் சிதறித் திரும்புகிறது. சாயம் எதுவும் இல்லாமலே தோல் நீலமாகத் தெரியும். ஆரஞ்சு நிறக் கன்சீலர் பூசி மூன்று வருடம் ஓட்டினேன்.

ஏன் மூன்று வருடம்? "ஆறு மாசத்துல கரைஞ்சிடும்" என்று நானும் நம்பியதால். ஒவ்வொரு ஆறு மாதமும் அடுத்த ஆறு மாதம் என்றேன். 2023இல் அல்ட்ராசவுண்டு வைத்துப் பார்த்தார்கள். போட்டு நாலு வருடம். ஜெல் அப்படியே குந்தியிருந்தது.

ஆகவே நேற்று இரவு நான் எழுதிய "சரிதான்" சரியில்லை. அழிக்காமல் விடுகிறேன், பார்த்துத் திட்டிக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 6

"உடம்புல இயற்கையா இருக்கற பொருள்தானே, எப்படி நாலு வருஷம் இருக்கும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

இயற்கையில் இருப்பது உண்மை. 70 கிலோ ஆளின் உடம்பில் சுமார் 15 கிராம் ஹயலுரோனிக் அமிலம் இருக்கிறது, அதில் மூன்றில் ஒரு பங்கு தினமும் சிதைந்து புதிதாகிறது. தோலில் அதன் ஆயுள் ஓரிரு நாள்தான். அதையே அப்படியே ஊசியில் ஏற்றினால் வார இறுதிக்குள் காணாமல் போகும். அதனால் பிடிடிஇ என்ற வேதிப்பொருளால் சங்கிலிகளைக் குறுக்கே ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். நூலாக இருந்தது வலையாகிறது. நொதி வந்து கடித்தாலும் சீக்கிரம் அறுபடாது. ஃபில்லர் தாங்குவதே இந்த முடிச்சால்தான், "இயற்கை" என்று அட்டையில் எழுதியிருப்பதால் இல்லை.

எவ்வளவு நாள் தாங்கும் என்பது இடத்தைப் பொறுத்தது. உதடு ஓயாமல் அசைகிறது, அங்கே சீக்கிரம் போகிறது. கண்ணுக்குக் கீழே அசைவு குறைவு, உட்கார்ந்துவிடுகிறது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த மருத்துவர்கள் வருடக்கணக்கில் ஜெல் தங்கியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். அட்டையில் போட்டிருக்கும் மாதக்கணக்கு, பலன் எத்தனை நாள் கண்ணுக்குத் தெரிந்தது என்ற கணக்கு. உள்ளே ஒரு துளியும் இல்லை என்ற கணக்கு இல்லை. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பியதுதான் நான் செய்த தப்பு.

இன்னொன்று. ஒரு சிரிஞ்ச் என்பது 1 மில்லி. தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு. "ரெண்டு சிரிஞ்சா!" என்று வாயைப் பிளக்க வேண்டாம். அதிலும் பெரும்பகுதி தண்ணீர்தான், மில்லிக்குச் சுமார் 20 மில்லிகிராம்தான் அமிலம்.

பிப்ரவரி 6, கொஞ்சம் கழித்து

சைவமா என்று கேட்டவருக்கு: இப்போது பரவலாக வருவது பாக்டீரியாவை நொதிக்கவைத்து எடுப்பது. ஆனால் 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஹைலாஃபார்ம் என்ற ஃபில்லர் சேவல் கொண்டையிலிருந்து எடுத்தது. ஆமாம், கொண்டை. இந்த அமிலத்தை 1934இல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் முதலில் பிரித்தெடுத்தது மாட்டுக் கண்ணிலிருந்து. "ஹயலாஸ்" என்றால் கிரேக்கத்தில் கண்ணாடி.

மாட்டுக் கண்ணில் எடுத்ததை என் கண்ணுக்குக் கீழே வைத்து, அது கண்ணாடி மாதிரி நீலமாக மின்னியது. பேர் வைத்தவர் தீர்க்கதரிசி.

பிப்ரவரி 9

திருத்தம், இது முக்கியம். நாலாம் தேதி "பின்னால் இழுத்துப் பார்த்தார், ரத்தம் வரவில்லை, ஆகவே பயமில்லை" என்று எழுதியிருந்தேன். இழையில் ஒரு மருத்துவர் சுட்டிக்காட்டினார், அவர் சொல்வதுதான் சரி. ஊசி மெல்லியது, உள்ளே கெட்டியான ஜெல் ஏற்கெனவே அடைத்திருக்கிறது. இழுக்கும்போது ரத்தக்குழாயின் சுவரே ஊசி வாயில் ஒட்டிக்கொள்ளலாம். ரத்தம் வந்தால் உள்ளே இருக்கிறோம் என்று தெரியும். வராவிட்டால் எதுவும் தெரியாது. கேனுலாவும் ஆபத்தைக் குறைக்கும், இல்லாமல் செய்யாது.

இதை எழுதும்போது ஒரு தோழியின் உதடு ஞாபகம் வருகிறது. அழகு நிலையம் ஒன்றில் போட்டுக்கொண்டாள், மருத்துவர் இல்லை. மேலுதட்டின் ஒரு பக்கம் ஊசி எடுத்த உடனே வெள்ளையாகிவிட்டது. வீட்டுக்கு வரும்போது மூக்கோரம் வரை வலை பின்னின மாதிரி ஊதா. போன் செய்தால் "ரத்தக்கட்டு, ஐஸ் வைங்க" என்றார்கள். எனக்குப் படம் அனுப்பினாள். நானும் என் மேதாவித்தனத்தில் "எனக்கும் கன்றிப்போச்சு, ஒரு வாரத்துல சரியாகிடும்" என்று பதில் போட்டேன். இன்றைக்கும் அந்தப் பதில் போனில் இருக்கிறது.

அது ரத்தக்கட்டு இல்லை. ஜெல் தமனிக்குள் போயோ வெளியிலிருந்து நெருக்கியோ ரத்தத்தை அடைத்திருந்தது. மறுநாள் மருத்துவமனைக்குப் போய், கரைக்கும் நொதியைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். உதடு பிழைத்தது. நாசித் துவாரத்துக்குப் பக்கத்தில் அரிசி அளவு ஒரு வடு நின்றுவிட்டது.

வித்தியாசம் பார்க்கும் வழி ஒன்று அவளுக்குப் பிறகு சொல்லிக்கொடுத்தார்கள். அந்த இடத்தை விரலால் அழுத்தி விடுங்கள். ஆரோக்கியமான தோலில் இரண்டு மூன்று நொடியில் நிறம் திரும்பும். மெதுவாகத் திரும்பினாலோ, வெளுத்தே இருந்தாலோ, வலை மாதிரி படர்ந்தாலோ, போகப்போக வலி கூடினாலோ ஐஸைத் தூரப் போட்டுவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: லிடோகெயின் கலந்திருப்பதால் முதல் சில மணி நேரம் வலியே தெரியாமலும் இருக்கலாம். வலியில்லை என்று நிம்மதியாகத் தூங்கிவிட வேண்டாம். நம் மாதிரி மாநிறத் தோலில் வெளுப்பு சட்டென்று கண்ணில் படாது. மறுபக்கத்தோடு ஒப்பிட்டு, நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

மூக்கு, புருவங்களுக்கு நடுவே: இந்த இரண்டு இடமும் கண்ணுக்குப் போகும் ரத்தக்குழாயோடு தொடர்புடையவை. அழுத்தி ஏற்றினால் ஜெல் பின்னோக்கிப் போய், அழுத்தம் நின்றதும் ரத்த ஓட்டத்தோடு விழித்திரைக்குப் போய்விடலாம். ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ரத்தம் இல்லாமல் விழித்திரை தாங்காது. அபூர்வம்தான். பார்வை போனவர்களில் பெரும்பாலோருக்குத் திரும்பவில்லை என்பதால் அபூர்வம் என்ற சொல்லை நான் இந்த இடத்தில் ஆறுதலாக எடுத்துக்கொள்வதில்லை. மூக்கை ஊசியால் தூக்கிக் காட்டுகிறேன் என்று யார் சொன்னாலும் எனக்குக் கால் நடுங்குகிறது.

பிப்ரவரி 10

ஊசியே இல்லாத பேனா ஒன்று ஆன்லைனில் கிடைக்கிறதாம், காற்றழுத்தத்தில் ஜெல்லை உதட்டுக்குள் தள்ளுமாம், வீட்டிலேயே செய்யலாமாம். வேண்டாம். 2021 அக்டோபரில் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. பெயர் சொல்லியே எச்சரித்துவிட்டது.

பிப்ரவரி 13

கரைத்த நாளைப் பற்றிக் கேட்டீர்கள்.

ஹயலுரானிடேஸ், ஃபில்லரைக் கரைக்கும் அந்த நொதி. தேனீக் கொட்டு ஒவ்வாமை உண்டா என்று முதலில் கேட்டார்கள், ஏனென்றால் தேனீ விஷத்திலும் இதே வகை நொதி இருக்கிறது. முன்கையில் ஒரு சொட்டு போட்டு அரை மணி நேரம் உட்காரவைத்தார்கள். ரத்தக்குழாய் அடைப்பு மாதிரி அவசரத்தில் இதற்கெல்லாம் நேரமிருக்காது, எனக்கு அவசரமில்லை. பிறகு கண்ணுக்குக் கீழே. ஃபில்லர் ஊசியைவிட இது எரிந்தது. கண் மூடிக்கொள்ளும் அளவுக்கு வீங்கியது. மறுநாள் காலை கண்ணாடி முன்னால் நின்றால் நீலம் போய்விட்டது.

பள்ளமும் திரும்பிவிட்டது. நாலு வருடம் அதைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன், அதனால் முன்பைவிட ஆழமாக இருப்பதாகத் தோன்றியது. "ஃபில்லர் என் தோலை நீட்டிக் கெடுத்துடுச்சு" என்று இரண்டு வாரம் புலம்பினேன். பழைய படத்தை எடுத்து ஒப்பிட்டேன். நாலு வயது கூடியிருந்தது, அவ்வளவுதான். நான்தான் மறந்திருந்தேன்.

பிப்ரவரி 13, பின்னிணைப்பு

"எதுவானாலும் கரைக்கலாம்ல?" இல்லை. ஹயலுரோனிக் அமில வகையை மட்டும்தான் இந்த நொதி கரைக்கும். ரேடியஸ் என்ற ஃபில்லர் கால்சியம் ஹைட்ராக்ஸிலாபடைட், எலும்பில் இருக்கும் கனிமம். ஸ்கல்ப்ட்ரா என்ற இன்னொன்று பாலி லாக்டிக் அமிலம், அது நிரப்புவதில்லை, மாதக்கணக்கில் தோலைத் தாங்கும் புரதமான கொலாஜனை நம் உடம்பையே உற்பத்தி செய்ய வைக்கிறது. இந்த இரண்டையும் நொதி தொடாது. பி.எம்.எம்.ஏ. என்ற பிளாஸ்டிக் துகள் நிரந்தரம். உருண்டை கட்டினால் கத்திதான்.

ஸ்கல்ப்ட்ரா போட்டவர்கள் ஐந்து நாள், தினம் ஐந்து முறை, ஐந்து நிமிடம் முகத்தைப் பிசைய வேண்டும். நான் பல் தேய்க்கவே ஒரு முறைதான். எனக்கு அது சரிப்படாது.

பிப்ரவரி 17

போடாக்ஸா ஃபில்லரா என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கும் இருவருக்கும்: இரண்டும் வேறு. நெற்றியைச் சுருக்கினால் வருகிற கோடு தசையால் வருவது, அதற்குத் தசையைத் தளர்த்தும் ஊசியான போடாக்ஸ். முகம் சும்மா இருக்கும்போதும் தெரிகிற பள்ளத்துக்கு ஃபில்லர். "போடாக்ஸ் போட்டு உதடு வீங்கிடுச்சு" என்று யாராவது சொன்னால், போட்டது என்னவென்றே அவருக்குத் தெரியாது என்று பொருள். பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

பிப்ரவரி 19

தூக்கம் வரவில்லை, பழங்கதை. 1893இல் நாய்பர் என்ற ஜெர்மானிய மருத்துவர் கைக் கொழுப்பை எடுத்து முகத்துத் தழும்பை நிரப்பினார். அதற்குச் சில வருடங்கள் கழித்து, 1899இல், வியன்னாவில் கெர்சுனி பாரஃபினை ஊசியில் ஏற்றினார். பாரஃபின், மெழுகுவத்தி மெழுகு. கொஞ்ச நாள் அமோகம். பிறகு கட்டி கட்டியாகக் கிளம்பியது, இடம் மாறி நகர்ந்தது. பின்னால் இங்கிலாந்தில் மார்ல்பரோ கோமகளான கிளாடிஸ் டீக்கன், பேரழகி என்று பெயரெடுத்தவர், மூக்குத் தண்டு நேராக வேண்டும் என்று இருபதுகளிலேயே மெழுகு ஏற்றிக்கொண்டார். மெழுகு மெல்ல இறங்கித் தாடைக்குப் போய்விட்டது. 1981இல் மாட்டுக் கொலாஜன் வந்தது, நூற்றில் மூன்று பேருக்கு ஒவ்வாமை, முன்னதாகக் கையில் சோதித்தே போட வேண்டும், மூன்று நாலு மாதத்தில் கரைந்துவிடும். பொறுங்கள், "சீக்கிரம் தானா கரைஞ்சிடும்" என்ற பேச்சு அந்தக் காலத்தில் உண்மையாகவே இருந்திருக்கிறது. 2003 கடைசியில் ஹயலுரோனிக் அமில ஃபில்லரான ரெஸ்டிலேன் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது உள்ளே போடும் பொருள் மாறியது, பேச்சு மாறவில்லையோ? இது என் ஊகம் மட்டும்.

பிப்ரவரி 20

"அப்ப ஏன் கன்னத்துக்கு மறுபடி போட்டீங்க?"

மாட்டிக்கொண்டேன். எங்கேயோ ஒரு பதிலில் வாய் தவறிச் சொல்லியிருக்கிறேன். ஆமாம், 2021இல் கன்னத்துக்கு இன்னொரு சிரிஞ்ச்.

பிடித்திருந்தது. அதுதான் காரணம். ஆனால் அதற்குப் பிறகு மூன்றாவதும் கேட்டேன், மருத்துவர் மறுத்தார். "இருக்கு, நீங்க பழகிட்டீங்க, அதான் தெரியல" என்றார். எனக்குக் கோபம். காசு வேண்டாம் என்று சொல்கிறவரை நான் பார்த்ததில்லை. 2019 படத்தையும் அன்றைய படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சிரிக்கும்போது என் கண் சின்னதாகியிருந்தது. கன்னம் மேலே ஏறிக் கண்ணைத் தின்றிருக்கிறது. தினமும் பார்க்கிற முகத்தில் எனக்கு அது தெரியவே இல்லை. தலையணை மாதிரி உப்பிய முகங்களைப் பார்த்து "எப்படித்தான் இவங்களுக்குத் தெரியாம போச்சு" என்று கேட்பேன். இப்படித்தான் தெரியாமல் போகிறது.

பிப்ரவரி 20, ஒரு வரி

மூன்றாவதை மறுத்த அதே மருத்துவர்தான் கண்ணுக்குக் கீழே மேலாகப் போட்டவரும். இரண்டையும் சொல்லிவிட வேண்டும்.

பிப்ரவரி 24

தடுப்பூசி பற்றி: 2020 டிசம்பரில் வெளியான விவரப்படி, மாடர்னாவின் கொரோனா தடுப்பூசிச் சோதனையில், முன்பே ஃபில்லர் போட்டிருந்த ஓரிருவருக்கு முகம் வீங்கியது, மருந்தில் அடங்கியது. காய்ச்சல், பல் சிகிச்சை, சைனஸ் தொற்று வரும்போதும் பழைய ஃபில்லர் வீங்குவதுண்டு. எனக்குக் கடைவாய்ப்பல் எடுத்தபோது இடது கன்னம் மட்டும் மூன்று நாள் பந்து. பல் மருத்துவரிடம் ஃபில்லர் விஷயத்தைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தேன். சொல்லியிருக்க வேண்டும். பல் சிகிச்சைக்கும் ஃபில்லருக்கும் இடையில் இரண்டு வாரமாவது இடைவெளி விடச் சொல்கிறார்கள்.

உதட்டில் அக்கி வருகிறவர்களும் உதட்டுக்குப் போடும் முன் சொல்லிவிடுங்கள். ஊசி குத்தினால் அது கிளம்பும், முன்கூட்டியே மாத்திரை தருவார்கள்.

மார்ச் 2

கேள்வி கேட்டவர் தனி மடலில் எழுதியிருக்கிறார். அனுமதி வாங்கிக்கொண்டு போடுகிறேன்.

இரண்டு இடத்துக்குப் போயிருக்கிறார். நான் சொன்ன கேள்வியை இரண்டிலும் கேட்டாராம்: "ஹயலுரானிடேஸ் இங்கே இருக்கா, ராத்திரி பத்து மணிக்கு எனக்கு வெள்ளையாச்சுன்னா யார் போன் எடுப்பாங்க?" முதல் இடத்தில், "அப்படியெல்லாம் ஆகாது மேடம், ஆறு மாசத்துல தானா கரைஞ்சிடும்." இரண்டாவது இடத்தில் மருத்துவர் எழுந்துபோய்க் குளிர்பெட்டியைத் திறந்து குப்பிகளை எடுத்து வந்து மேசையில் வைத்தார். காலாவதித் தேதியைத் தானே படித்துக் காட்டினார். தன் கைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தார். கண்ணுக்குக் கீழே வேண்டாம், உங்களுக்குப் பை விழும் கண், ஃபில்லர் தண்ணீரை இழுத்து இன்னும் உப்பும் என்றாராம். கன்னத்துக்கு மட்டும் பாதி சிரிஞ்ச், மீதி பிறகு பார்க்கலாம்.

அடுத்த வாரம் நாள் குறித்திருக்கிறார். மீன் எண்ணெய் மாத்திரையை நிறுத்தலாமா என்று என்னைக் கேட்கிறார். நிறுத்தினால் ரத்தக்கட்டு குறையும், ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை எதையும் என்னைக் கேட்டு நிறுத்தாதீர்கள்.

மார்ச் 11

போட்டாயிற்றாம். இடது கன்னத்தில் பயறு அளவு ஒரு உருண்டை கைக்குத் தட்டுகிறது, அமுக்கிவிடலாமா என்று படம் அனுப்பியிருக்கிறார்.

இந்த முறை படத்துக்கு நான் பதில் போடவில்லை. அந்த எண்ணைக் கூப்பிடச் சொன்னேன். ஏழு நிமிடத்தில் எடுத்தார்களாம்.